ஏரி நாட்டுக்கு வந்த கடற்படகுகள்

பிள்ளையார்பாளையத்தில் அடைமழை பிடித்தால் முதலில் தறிக்குழியைத்தான் பார்ப்பார்கள். குழியில் நீர் ஊறினால் நெசவு நின்றுவிடும். வீதியில் பாவு நீட்டவும் வழியில்லை. கயிலாசநாதர் கோயிலை ஒட்டிய இவ்வீதிகளில் மழை என்பது கூலியிழப்பு. அதே மழை உயிரச்சமாகவும் மாறக்கூடும் என்பதை 2015 டிசம்பரில் நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி கண்டது.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்றே சொல்வார்கள். காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. குடவோலையைப் பற்றிப் பேசிப் பேசி நாம் ஓடத்தை மறந்துவிட்டோம். ஏரியில் தூர் வாரும் ஓடங்களுக்கென்று அறக்கொடை வைத்த செய்திகளும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. ஏரி இருந்தால் ஓடமும் அதைச் செலுத்த ஆளும் இருக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு.

2015 டிசம்பர் 1 தொடங்கிய ஒரே நாள் மழை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. அப்போது நம் மாவட்டத்திலிருந்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கும் செம்பரம்பாக்கத்தையே காரணமாகச் சொல்வோர் உண்டு. அது சரியன்று. ஆதனூர், மணிமங்கலம் முதலிய மேல் ஏரிகளின் உபரி நீர் வரும் வழியில் கட்டிய வீடுகள் அவை.

இராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. ஆனால் தெருத்தெருவாக நுழைந்தவர்களில் பலர் கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள். ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஏரி நாட்டு மக்களைக் கரையேற்ற, ஓடம் கடலிலிருந்து வர வேண்டியிருந்தது! பத்தாண்டுகளுக்கு முன் சுனாமியில் வீடும் வலையும் இழந்த குப்பங்கள் அவை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

2018 ஆகஸ்டில் கேரளத்திலும் இதுவே நிகழ்ந்தது. அரசுக் கணக்கின்படி 669 படகுகள், 4,537 மீனவர்கள், மீட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 65,000 பேர். அலையைப் படித்தவர்களுக்கு நீருக்கடியில் மறைந்திருந்த மதில்களும் கேட்டுகளும் புதியவை. படகுகள் மோதி உடைந்தன. படகொன்றுக்கு நாளைக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. உடைந்த படகைச் செப்பனிட்டுத் தந்தால் போதும், உயிர் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்றார்கள் சிலர்.