கோட்டை இல்லாத கோட்டைமேடு

அரபு மொழியில் ‘அபர’ என்னும் வினைக்குக் கடந்து செல்லுதல் என்பது பொருள். அதே வேரில் பிறந்த சொல்லே ‘இப்ரத்’. படிப்பினை என்று அதனைத் தமிழில் கூறுவோம். ஆற்றைக் கடந்து அக்கரை சேர்வதும், நிகழ்ச்சியைக் கடந்து அதன் உட்பொருளைச் சேர்வதும் ஒரு வேரின் இரு கிளைகளாம். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தம் பெருநூலுக்குக் ‘கிதாபுல் இபர்’, அதாவது ‘படிப்பினைகளின் நூல்’ என்று பெயர் சூட்டியதன் நுட்பம் இங்கே விளங்கும். ஓர் ஊரை வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்புவோரும் உண்டு; கடந்து சென்று படிப்பினை பெறுவோரும் உண்டு.

அண்மையில் நம் தங்கையின் மகன் மனைவி மக்களுடன் கோவைக்கு வந்திருந்தான். மறுநாள் பிற்பகலில் அவர்களுக்கு இரயில். கையிலிருந்தது அரைநாள். வாடகைக் காரின் ஓட்டுநர் மருதமலை, பேரூர், கடைவீதி என நான்கைந்து இடங்களை ஒப்புவித்தார். “அவையெல்லாம் இன்னொரு முறை பார்க்கலாம் மாமா. பிள்ளைகளுக்கு இந்த ஊரின் கதை தெரியட்டும். நீங்களே வழி சொல்லுங்கள்” என்றான் அவன். நாமும் உடன் புறப்பட்டோம்.

ஸுப்ஹுத் தொழுகை முடிந்து, வெயில் ஏறுமுன் உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நின்றோம். மேற்கே மலைத்தொடர். அதன் இடையில் 30 கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்தில் திறந்து கிடப்பது பாலக்காட்டுக் கணவாய். கோவையின் வரலாறு முழுவதும் அந்தத் திறப்பின் வழியாகவே வந்தது எனலாம். மேலைக் கடற்கரையில் இறங்கிய உரோம நாணயம் அருகிலுள்ள வெள்ளலூர் மண்ணில் புதையலாகக் கிடைத்ததும் அவ்வழியின் பயனே. வணிகன் வந்த வழியில் படையும் வரும் அன்றோ? வடக்கே மைசூர்ப் பீடபூமியிலிருந்து கஜல்ஹட்டிக் கணவாய் வழியாக இறங்குவோர்க்கும், மேற்கே மலபார் செல்வோர்க்கும் இவ்வூரே தங்குமிடம். ஆகவே இங்கொரு கோட்டை எழுந்தது. அதற்காகக் குருதியும் சிந்தியது.

குளக்கரையிலிருந்து கோட்டைமேடு கூப்பிடு தூரமே. நெருக்கமான தெருக்கள், தமிழும் உருதும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் வாசல்கள். சிறுமி அண்ணாந்து நாற்புறமும் நோக்கினாள். “கோட்டை எங்கே தாத்தா?” என்றாள்.

கோட்டை இல்லை. மதிலும் இல்லை, அகழியும் இல்லை. மேட்டின் பெயர் ஒன்றே எஞ்சி நிற்கிறது. எனவே நாம் அக்கோட்டையைச் சொல்லால் கட்டிக் காட்ட வேண்டியதாயிற்று.

மைசூர் ஆட்சியின் கீழிருந்த இக்கோட்டையை 1768-இல் கும்பினியார் கைப்பற்றினர். அவ்வாண்டே ஹைதர் அலீ மீட்டார். 1783-இல் மீண்டும் கும்பினியார் வசமாகி, 1784-ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடம் திரும்பியது. 1790-இல் தளபதி மெடோஸ் அதனைப் பிடித்தார். 1791-இல் லெப்டினன்ட் சால்மர்ஸ் என்னும் இளம் அதிகாரி, திருவிதாங்கூர் வீரர்களையும் துணைக்கொண்டு மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கினார். திப்புவின் தளபதி கமருத்தீன் கான் பெரும்படையுடன் வரவே, நவம்பரில் கோட்டை பணிந்தது. 1799 மே 4-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து சுல்தான் ஷஹீதான பின்னர், கொங்கு நாடு கும்பினி ஆட்சிக்குள் சென்றது.

இவ்விடத்தில் ஒன்றை மறையாது கூறல் வேண்டும். 1791-இல் சரணடைந்தோர்க்குப் பாலக்காடு செல்ல வழிவிடுவதாக உறுதி அளிக்கப்பட்டது என்றும், பின்னர் அவ்வுறுதி காக்கப்படாமல் அவர்கள் சீரங்கப்பட்டணத்திற்குக் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர் என்றும் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளனர். அயலானை எதிர்த்துப் போர்க்களத்தில் உயிர் நீத்த மன்னரை நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆயினும் வாக்குறுதியைப் பேணுதல் ஈமானின் இலக்கணம் எனக் கற்பிக்கும் நாம், நம்மவர் தவறும்போது மட்டும் தராசை மாற்றிப் பிடிக்கலாகாது. புகழுரை வேறு; வரலாறு வேறு. பிள்ளைகளிடம் இரண்டையும் கலந்து கொடுத்தால், பின்னாளில் உண்மையை வேறொருவர் வாயால் கேட்கும்போது அவர்கள் நம் சொல் அனைத்தையும் ஐயுறுவர்.

இனி, நம்மில் பலரும் மறந்துவிட்ட ஒரு நாளைச் சொல்வோம். 1800-ஆம் ஆண்டு ஜூன் 3. ஹிஜ்ரிக் கணக்கில் 1215 முஹர்ரம் பத்து, ஆஷூரா நாள். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் முதலியோர் கூடி, கோவையிலிருந்த கும்பினிப் படையை அந்நாளில் தாக்கத் திட்டமிட்டனர். படையிலுள்ள முஸ்லிம் சிப்பாய்கள் முஹர்ரம் சடங்குகளில் ஈடுபட்டிருப்பர் என்பது அவர்கள் போட்ட கணக்கு. சுல்தானின் படையில் முன்பு பணியாற்றிய முஸ்லிம் வீரர்களும் கொங்குப் பாளையக்காரரின் ஆட்களும் அத்திட்டத்தில் தோளோடு தோள் நின்றனர். ஆனால் கும்பினியார் விழித்துக்கொண்டனர், முயற்சி முறிந்தது. பிடிபட்டோரில் 42 பேர் பல ஊர்களில் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டில் கோபால நாயக்கரும் தூக்குமேடை ஏறினார். திப்புவின் படைக்குத் துணைநின்ற தீரன் சின்னமலை 1805 ஜூலை 31-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதும் இத்தொடரின் ஒரு கண்ணியே.

எண்ணிப் பாருங்கள். கும்பினியின் பாசறையில் முஸ்லிம்கள் இருந்தனர். அதைத் தாக்க வந்தோரிலும் முஸ்லிம்கள் இருந்தனர். இந்துக்களும் அவ்வாறே இருபுறமும் நின்றனர். அக்காலப் போர்களைச் சமயப் போர்களாக எழுதிக்காட்ட விரும்புவோர்க்கு இந்த ஒரு நாளே போதிய விடையாகும்.

பேசியபடியே கோட்டை ஈஸ்வரன் கோயிலின் முன் வந்து சேர்ந்தோம். மருமகனின் குரல் தாழ்ந்தது. “இங்கேதானா மாமா?” என்றான். ஆம், இங்கேதான். 2022 அக்டோபர் 23-ஆம் நாள் விடியுமுன் கார் ஒன்று வெடித்துச் சிதறி, அதிலிருந்த இளைஞன் மாண்டது இவ்வாசலின் எதிரேதான். அதற்கும் முன்பே இந்நகரின் நெஞ்சில் ஆறாத வடுக்கள் இருந்தன. 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொலையுண்டதைத் தொடர்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14-இல் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பறிபோயின. ஒரு கொடுமைக்கு மற்றொரு கொடுமை ஈடாகாது. குற்றமற்ற ஓர் உயிரைப் பறிப்பது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்று மார்க்கம் கூறியிருக்க, இதில் விளக்கம் தேட இடமேது?

ஆயினும் கதை அவ்வளவோடு முடியவில்லை. 2022 நவம்பர் முதல் வாரத்தில் இப்பகுதி ஜமாஅத்துகளின் பெரியோர் அக்கோயிலுக்குச் சென்றனர். கோயிலாரும் அவர்களை வரவேற்றனர். பாங்கொலியும் மணியோசையும் ஒன்றையொன்று கேட்டு வாழ்ந்த பழைய அண்டைமையை நினைவூட்டிய செயல் அது. பிள்ளைகளுக்கு வெடிப்பைச் சொன்னால் இந்தச் சந்திப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து மத்திய சிறைச்சாலையின் மதிலருகே காரை நிறுத்தச் சொன்னோம். 1908 முதல் 1910 வரை வ. உ. சிதம்பரம் பிள்ளை அடைபட்டுச் செக்கிழுத்தது இங்கேதான். 1906-இல் அவர் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் செயலாளராகத் தூத்துக்குடியில் பொறுப்பேற்றவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். கப்பலுக்குச் சமயம் கேட்டு எவரும் பங்கு வாங்கவில்லை. மதிலைத் தொட்டுப் பார்த்த சிறுவன், “கோட்டை இடிந்துபோச்சு, ஜெயில் மட்டும் இருக்கே!” என்றான். நமக்கு விடை தோன்றவில்லை.

லுஹருக்கு ஒப்பணக்காரத் தெருவின் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசலை அடைந்தோம். தொழுகை முடிந்ததும் சிறுமி மறுபடியும் கேட்டாள்: “தாத்தா, கோட்டையை இனிக் கட்டவே மாட்டாங்களா?”

“கல்லால் கட்ட வேண்டாம் அம்மா. இந்தத் தெருக்களில் பக்கத்து வீட்டார்க்கு உன்னால் தீங்கு வராது என்ற நம்பிக்கை இருந்தால், அதுவே நம் ஊருக்குக் கோட்டை” என்றோம். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ, அல்லாஹ்வே அறிவான். இரயில் புறப்படும் வேளையில் தன் தம்பியிடம் அவள், “நாம பார்த்தது கோட்டை இல்லாத கோட்டைமேடு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.