சையோன் போட்ட கணக்கு

கையடக்கக் கணினி எண்டால் எங்களுக்கு ஸ்மார்ட் போன்தான் ஞாபகம் வரும். ஆனால் அதுக்கு வெகுகாலம் முன்னரே, லண்டனில் இருந்த சையோன் என்ற கொம்பனி சட்டைப்பைக்குள் அடங்கும் கணினிகளை விற்றது. 1984இல் ஓர்கனைசர், 1991இல் சீரிஸ் 3, 1997இல் சீரிஸ் 5. சீரிஸ் 3, சீரிஸ் 5 இரண்டையும் மடித்து மூடலாம், சின்ன விசைப்பலகை இருக்கும், இரண்டு பென்ரோச் பற்றறி போதும்.

இவ்வளவு நல்ல சாமான் ஏன் நிலைக்கவில்லை? போட்டியில் தோற்றது என்பது பாதிப் பதில்தான். மீதி மென்பொருள் கணக்கில் இருக்கு.

திரை, சிப், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் விற்கிற எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் செலவு. மென்பொருள் அப்படியில்லை. பத்தாயிரம் பேர் வாங்கினாலும் ஒரு கோடிப் பேர் வாங்கினாலும் இயங்குதளத்தை எழுதுகிறவர்களின் சம்பளம் கிட்டத்தட்ட ஒண்டுதான். சீரிஸ் 5க்காக ஈபொக் என்ற 32-பிட் இயங்குதளத்தை சையோன் புதிதாக எழுதியது. அந்தச் செலவைத் தொடர்ந்து தாங்க அதன் வாடிக்கையாளர் தொகை காணாது.

அதனால் 1998இல் நொக்கியா, எரிக்சன் ஆகியவற்றுடன் சேர்ந்து சிம்பியன் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கி, ஈபொக்கை அதனிடம் கொடுத்தது. விற்கும் ஒவ்வொரு போனிலும் உரிமத்தொகை வரும், செலவு பல பேருக்குள் பிரியும். கணக்கு சரிதான். ஆனால் 2001இல் சையோன் தன் கையடக்கக் கணினிகளையே கைவிட்டது. மென்பொருள் தப்பியது, அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்தக் கருவி தப்பவில்லை.

2003இல் வந்த நொக்கியா 6600 ஓடியதும் சிம்பியனில்தான். எங்கட அண்ணன்மார் அதை வைத்திருந்த காலம் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பிறகு அதே கணக்கு சிம்பியனையும் விழுத்தியது. 2011இல் நொக்கியா விண்டோஸ் பக்கம் போனது. 2017 யூன் முடிவோடு வட்ஸ்அப்பும் சிம்பியனை விட்டது. போன் பழுதாகவில்லை, அதுக்காக எழுத ஆளில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் கருவியை வாங்கினவருக்கு இடமே இல்லை. ஆனால் சையோன் கருவிகளுக்குள்ளேயே ஓபிஎல் என்ற நிரல்மொழி இருந்தது. பாவிக்கிறவரே தனக்குத் தேவையானதை எழுதலாம். கொம்பனி போன பிறகும் அந்த வழி அடைபடவில்லை.

ஆதரவை என்றைக்கும் தா எண்டு எந்தக் கொம்பனியையும் கேட்க ஏலாது. ஆனால் போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போகாதே எண்டு கேட்கலாம். காசு கொடுத்து வாங்கினது நாங்கள்தானே.