கல்கத்தாவின் மெஸ் வீடுகள்

வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஒரே கட்டடத்தில் ஆளுக்கொரு கட்டிலோ அறையோ எடுத்துக்கொண்டு, சமையலறையையும் கூடத்தையும் பொதுவாக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை இப்போது 'கோ-லிவிங்' என்கிறார்கள். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருக்கும் நம் பேரன் பேத்திகள் வாயிலாக இந்தச் சொல் நமக்கும் பழகிவிட்டது. பெயர்தான் புதிது. கல்கத்தாவில் இது நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழக்கம். அங்கே இதற்கு 'மெஸ் பாடி' (மெஸ் வீடு) என்று பெயர்.

டல்ஹௌசி சதுக்கத்தைச் சுற்றியிருந்த அரசு அலுவலகங்களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலை கிடைத்து, வங்காளத்தின் ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். அந்தச் சம்பளத்தில் பட்டணத்தில் குடித்தனம் வைக்க முடியாது. குடும்பத்தைக் கிராமத்திலேயே விட்டுவிட்டு, காலேஜ் தெரு, ஹாரிசன் ரோடு (இன்றைய மகாத்மா காந்தி ரோடு) பக்கத்து மெஸ்களில் தங்கினார்கள். சனிக்கிழமை ரயிலேறி வீட்டுக்குப் போய்த் திங்களன்று திரும்புவார்கள்.

இந்த மெஸ்கள் பலவற்றின் சிறப்பு, அங்கே தங்கியிருந்தவர்களே அதன் நிர்வாகிகள் என்பதுதான். மாதத்துக்கு ஒருவர் முறை வைத்து மேனேஜர். கட்டிலுக்கு 'ஸீட்' வாடகை தனி. சாப்பாட்டுக் கணக்கு வெகு எளிது: மாதத்தின் மொத்தச் செலவை மொத்தச் சாப்பாட்டு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பத்துப் பேர், தினம் இரண்டு வேளை என்றால் முப்பது நாளில் 600 சாப்பாடு. செலவு 900 ரூபாயானால், சாப்பாடு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய். ஊருக்குப் போனவருக்கு அந்த வேளைகள் கழிந்துவிடும். விருந்தாளியை அழைத்து வந்தவருக்குக் கூடிவிடும். நோட்டுப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். லண்டனில் ரவுடன் பிரபு 1892-ல் வாக்ஸாலில் திறந்த விடுதியும் உழைப்பாளிகளுக்கு ஓர் இரவுக்கு ஆறு பென்னிக்குத் தனித் தடுப்பறை தந்தது. ஆனால் அது முதலாளி நடத்தியது. கணக்கு அவர் கையில்.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1911-ல் பிரஸிடென்ஸி கல்லூரியில் சேர்ந்த மேக்நாத் சாஹா, ஈடன் ஹிந்து ஹாஸ்டலில் தங்கினார். அவர் பிறந்த ஜாதியைக் காரணம் காட்டி, தங்களோடு ஒரே கூடத்தில் அவர் சாப்பிடக் கூடாது என்று உயர்ஜாதி மாணவர்கள் ஆட்சேபித்தார்கள். அவர் வெளியேறி, காலேஜ் தெருவில் ஒரு மெஸ்ஸுக்குப் போனார். 1920-ல் நட்சத்திரங்களின் நிறமாலையை விளக்கும் 'சாஹா சமன்பாடு' வெளிவந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் இடமில்லை என்று ஒதுக்கப்பட்டவரைத்தான் பிற்பாடு வானியல் உலகமே கொண்டாடியது. நம்மவர்கள் நடத்திய பல விடுதிகளிலும் தனிப்பந்தி இருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. யார் நுழையலாம் என்று முடிவு செய்யும் கதவு, எந்தக் கூட்டு வசிப்பிடத்துக்கும் உரைகல்.

வங்காளிகளின் கற்பனையிலும் மெஸ்ஸுக்கு நிரந்தர இடம் உண்டு. சரதிந்து பந்த்யோபாத்யாய் படைத்த துப்பறியும் வியோம்கேஷ் பக்ஷி, தம் நண்பர் அஜித்தை முதன்முதலில் சந்திப்பது ஒரு மெஸ்ஸில்தான். 1953-ல் நிர்மல் டே இயக்கிய 'ஷாடே சுவாத்தர்' படத்தில், அன்னபூர்ணா போர்டிங் ஹவுஸுக்கு இளம்பெண்ணுள்ள ஒரு குடும்பம் குடிவர, மெஸ்ஸே தலைகீழாகிறது. உத்தம்குமார் - சுசித்ரா சென் ஜோடியின் முதல் படம் அது. ஸ்டூடியோக்கள் நிறைந்த டாலிகஞ்சின் மெட்ரோ நிலையம் இன்று உத்தம்குமார் பெயரையே தாங்கியிருக்கிறது.

அந்த டாலிகஞ்சில்தான் 1970-களில் நானும் பணி நிமித்தம் இருந்தேன். தனிக்கட்டைகளுக்கு வீடு தர எளிதில் யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் தமிழ் இளைஞர்கள் ஆறு பேர் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தோம். பாலக்காட்டுக்காரர் ஒருவர் சமைத்தார். மாதம் ஒருவர் கணக்கெழுதினோம். கரண்ட் இல்லாத இரவுகளில் மொட்டைமாடியில் அரட்டை. ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மற்ற ஐவரும் முறை போட்டு லீவு எடுத்துப் பார்த்துக்கொண்டோம்.

மெஸ்கள் நலிந்ததற்கு ரயில் ஒரு காரணம். 1957 டிசம்பரில் ஹௌரா - ஷேவ்ராஃபுலி தடத்தில் மின்ரயில் வந்தது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் தினமும் போய்வரத் தொடங்கினார்கள். 1984-ல் தொடங்கிய மெட்ரோ 1986-ல் டாலிகஞ்சை எட்டியது. பழைய கட்டடங்களில் பல இடிந்தன, பல கைமாறின.

ஆனால் தேவை குறையவில்லை. மெஸ்ஸில் பெரும்பாலும் ஆண்களுக்கே இடமிருந்தது. இன்று பெண்களும் சம அளவில் இடம் தேடுகிறார்கள். தமிழக அரசு 'தோழி' விடுதிகளைக் கட்டியிருக்கிறது. 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில், தொடர்ந்து 90 நாளாவது தங்குபவர்களுக்கு, ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான தங்கும் கட்டணத்துக்கு வரிவிலக்கைப் பரிந்துரைத்தது. இவை நல்ல ஆரம்பங்கள்.

நம் அங்கத்தினர்களில் பலர், பிள்ளைகள் வெளிநாடு போய்விட, நாலு அறை வீட்டில் இரண்டு பேராக இருக்கிறோம். இரண்டு அறைகளை நியாயமான வாடகைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தந்தால் இரு தரப்புக்கும் துணை. கணக்கு நோட்டு திறந்திருக்கட்டும். கோத்திரம் கேட்காமல் கதவும் திறந்திருக்கட்டும்.