சிற்ப நூலும் பட்டறை மரபும்

சிற்ப நூலும் பட்டறை மரபும் என்பது, தமிழ்நாட்டுச் சிற்பிகளும் தச்சர்களும் ஏட்டிலுள்ள இலக்கணத்தையும் பழைய கோயில்கள் தரும் வரலாற்றுச் சான்றையும் தங்கள் கைவேலைக்குப் பயன்படுத்திவரும் முறையைக் குறிக்கும். மயமதம், மானசாரம், காசியபம் முதலான சிற்ப நூல்கள், வைகானச, பாஞ்சராத்திர, சைவ ஆகமங்களின் கட்டடப் பகுதிகள், குடும்பம் குடும்பமாக வாய்வழி வந்த அளவுக் குறிப்புகள், கண்முன் நிற்கும் பழைய கட்டடங்கள் ஆகிய நான்கும் இதில் சேரும். நூல் முதலில் வந்ததா, கை முதலில் வந்ததா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் உளி பிடிக்காதவர்கள்.

நூலும் கையும் சேர்ந்து இயங்கியதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் நல்ல சான்று இருக்கிறது. ஊர்ச்சபைத் தேர்தலைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுபவர்கள்தாம் அதிகம். சிற்பிகளுக்கு அந்த ஊரில் முக்கியமானது சுந்தரவரதப் பெருமாள் கோயில். பல்லவர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்த அட்டாங்க விமானத்தில் மூன்று கருவறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே நின்ற கோலம், நடுவே இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். இந்த அமைப்பு வைகானச நூலான மரீசி சம்ஹிதையின் விதிகளோடு பொருந்துவதை பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட நூலில் விளக்கினார்கள். கோயிலைக் கட்டியவர் காஞ்சிப் பாடகத்தைச் சேர்ந்த பரமேசுவரப் பெருந்தச்சன் என்று கல்வெட்டிலிருந்து தெரிகிறது. விமானத்தின் பெயரோடு தச்சனின் பெயரும் நிலைத்திருப்பது தமிழகத்தில் அபூர்வம். மூன்று நிலைகளையும் எங்கே எழுப்புவது, எந்தத் திருமேனியை எந்தத் தளத்தில் வைப்பது என்பதை நூல் சொல்லியிருக்கும். அடித்தளத்தைக் கருங்கல்லிலும் மேல்தளங்களைச் செங்கல்லிலும் எழுப்பிப் பாரத்தைச் சமாளித்தது பெருந்தச்சனின் கைத்திறம்.

இலக்கணத்தின் உள்ளே நுழைந்தால் முதலில் எதிர்ப்படுவது, படிமத்தின் உறுப்புகளைப் பங்கு பங்காக அளக்கும் தாளமானம். உத்தம தச தாளத்தில் படிமத்தின் உயரம் 124 பங்கு. உச்சியிலிருந்து மயிர்விளிம்பு வரை 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 13½, மார்பிலிருந்து கொப்பூழ் 13½, அங்கிருந்து குறியடி 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. சிவன், திருமால், நான்முகன் ஆகியோருக்கு இந்த அளவு. தேவியருக்கு 120 பங்குள்ள மத்திம தச தாளம். இதில் கவனிக்க வேண்டியது, பங்குக்குத் தனியாக நீளம் கிடையாது என்பதுதான். ஆறு அங்குலப் பஞ்சலோகச் சிலைக்கும் ஆறடிக் கற்சிலைக்கும் அதே 124. சுவாமிமலைப் பட்டறைகளில் இதற்கு அளவுகோல் வேண்டியதில்லை. தென்னையோலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளக் கணக்கை அதிலேயே ஏற்றிவிடுவார்கள். இதற்கு ஒடியோலை என்று பெயர். மெழுகைப் பிடித்து உருவம் எடுக்கும்போது ஓலை பக்கத்திலேயே கிடக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் ஓலை தீர்மானித்துவிடுவதில்லை. பழைய சிலைகளை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், நூலளவிலிருந்து அவை விலகுவதையும் கண்டிருக்கிறார்கள். நூல் எல்லையைச் சொல்கிறது. இடுப்பு வளைவின் அழகு அந்த எல்லைக்குள் சிற்பியின் பொறுப்பு.

படித்தவர் பக்கமிருந்து நூலை அணுகியவர்களுக்கு வேறு சிக்கல். தஞ்சாவூர்க்காரரான ராம் ராஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்ப நூல்களைத் தேடிப் படித்தபோது, சமற்கிருதம் தெரிந்த பண்டிதர்களுக்குக் கலைச்சொற்கள் விளங்கவில்லை. கலைச்சொற்கள் தெரிந்த சிற்பிகளுக்குச் சமற்கிருதம் விளங்கவில்லை. இரு தரப்பையும் கேட்டுத்தான் அவர் தம் நூலை எழுதினார். அவர் மறைந்தபின் 1834இல் இலண்டனில் அது வெளிவந்தது. இந்தியக் கட்டடக்கலை பற்றி மூல நூல்களைக் கொண்டு எழுதப்பட்ட முதல் ஆய்வுகளில் அது ஒன்று.

புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் 1914இல் வெளியிட்ட ஆய்வு, நூல்கள் சொல்லாத ஒன்றைச் சிற்பிகளுக்குக் கொடுத்தது. வேலையிலிருந்த சிற்பிகளிடமே உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்த அவர், அந்த உறுப்புகள் காலந்தோறும் எப்படி மாறின என்பதை வரிசைப்படுத்தினார். தூணின் தலைமேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையை எடுத்துக்கொள்வோம். பல்லவர் காலத்தில் அலையலையான தரங்கப் போதிகை. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி நடுவே முனை நீட்டிய வடிவம். விசயநகர காலத்தில் தாமரை மொட்டுத் தொங்கும் பூப்போதிகை. மயமதம் என்றைக்கும் பொதுவாகப் பேசும், நூற்றாண்டைச் சொல்லாது. திருப்பணி செய்யும் தபதிக்கு இந்த வரலாறு தெரியாவிட்டால் பல்லவர் கோயிலில் பூப்போதிகை முளைத்துவிடும். அப்படி முளைத்தவை ஊரூராக இருக்கின்றன. பக்தியில் குறை சொல்ல முடியாது; படிப்பில் சொல்லலாம்.

பட்டறையும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையின்கீழ் வந்தது 1957இல், மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது. இன்று அது அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. முதலில் பொறுப்பேற்றவர் பிள்ளையார்பட்டி வைத்தியநாத தபதி. அவருக்குப்பின் மகன் வை. கணபதி தபதி (1927–2011) நெடுங்காலம் தலைமை வகித்தார். குலத்தொழிலாக இருந்தது பாடத்திட்டமாயிற்று. பிற சாதி மாணவர்களும் சேர்ந்தார்கள். கல்லூரியைச் சுற்றி முடிந்தும் முடியாமலும் நிற்கும் பல்லவர் பாறைகளே பாதிப் பாடம். முடியாத குடைவரைகளில் பாறையைக் கட்டம் கட்டமாகப் பிளந்து உடைத்த தடம் அப்படியே தெரிகிறது. வேலை எந்த வரிசையில் நடந்தது என்று எந்த நூலையும் திறக்காமல் அங்கே படிக்கலாம்.

கணபதி தபதி 1978இல் எழுதிய சிற்பச் செந்நூல், மரபு இலக்கணத்தைத் தமிழில் மாணவர் கைக்குக் கொண்டுவந்தது. அவருடைய மிகப் பெரிய செயல்விளக்கம் கன்னியாகுமரி வள்ளுவர் சிலை. 2000ஆம் ஆண்டு சனவரி 1இல் திறக்கப்பட்ட அதன் மொத்த உயரம் 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு. சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. அவ்வளவு பெரிய உருவத்துக்கு இடுப்பில் மெல்லிய ஒசிவு கொடுத்ததுதான் துணிச்சல். கோயில் விமானத்தின் உட்கூட்டைப்போல உள்ளே வெற்றிடம் விட்டு, கற்களை அடுக்கியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பீடத்தை மோதியும் சிலை அசையவில்லை.

அதே தபதி, மயமதத்தின் ஆசிரியராகச் சொல்லப்படும் மயன் தமிழன் என்றும், நடு அமெரிக்க மாயர் கட்டடங்களும் அவன் மரபைச் சேர்ந்தவை என்றும் பிற்காலத்தில் வாதிட்டார். வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. மாயர் நகரங்களைப் பற்றி அவர் சொன்னதை ஒதுக்கிவைத்துவிட்டும் தாளமானத்தை அவரிடம் கற்கலாம்; மாணவர்கள் பலர் அப்படித்தான் கற்றார்கள்.