சோயா மொச்சையும் வறுசட்டியும்

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரி, பரந்த ஏரியால் பெயர் பெற்ற ஊர். 'திரையன் ஏரி' என்பதே தென்னேரி என மருவியது என்பர். அவ்வூர் அடுப்பங்கரையில் வேர்க்கடலை வறுக்கும் சட்டி ஒன்று இருந்தால் போதும். ஜப்பானியர் விரும்பித் தின்னும் வறுத்த சோயா மொச்சையை நீங்களே செய்துவிடலாம். அதற்கு முன், அந்தச் சட்டியின் சூடு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

சோயா மொச்சை சீனத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரிடப்பட்டது. அங்கிருந்து ஜப்பானுக்குச் சென்றது. அங்கே பிப்ரவரித் தொடக்கத்தில், பெரும்பாலும் 3-ஆம் நாள், 'செட்சுபுன்' என்ற விழா வரும். வறுத்த சோயா மணிகளை வீசி, "பேயே வெளியே போ, நற்பேறே உள்ளே வா" என்று கூவுவார்கள். பிறகு தத்தம் வயதுக்கு ஏற்ற எண்ணிக்கையில் மணிகளை எண்ணித் தின்பார்கள். வீசும் மணி வறுத்ததாகவே இருக்க வேண்டும். பச்சை மணி எங்கேனும் மூலையில் விழுந்து முளைத்துவிட்டால் தீங்கு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பேய் போகிறதோ இல்லையோ, வறுத்த விதை முளைக்காது என்பது மெய்.

முளையை அழிக்கும் அதே வெப்பம் இன்னொன்றையும் செய்கிறது. 1917-இல் ஆஸ்பார்ன், மெண்டல் என்ற அமெரிக்க அறிஞர்கள் எலிகளுக்குச் சோயாவைக் கொடுத்துப் பார்த்தனர். பச்சையாகத் தின்ற எலிகள் சரியாக வளரவில்லை. வேகவைத்ததைத் தின்றவை நன்கு வளர்ந்தன. நம் கணையம் சுரக்கும் 'டிரிப்சின்' என்னும் நொதியே புரதத்தைச் செரிக்க உதவுகிறது. பச்சைச் சோயாவில் அந்த நொதியைத் தடுக்கும் ஒரு பொருள் உண்டு. 1945-இல் குனிட்ஸ் என்பவர் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுவும் ஒரு புரதமே. ஆகவே நன்றாகச் சூடேறினால் பெரும்பாலும் செயலிழந்துவிடும்.

நம் நாட்டில் இந்த மொச்சைக்குப் பரிந்து பேசியவர்களுள் காந்தியடிகள் ஒருவர். 1935-இல் வார்தாவின் மகன்வாடியில் அதைச் சமைத்து உண்ணச் செய்து பார்த்து, 'ஹரிஜன்' இதழில் எழுதினார். அதன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு புரதம். கொண்டைக்கடலையில் அதில் பாதிதான். ஏழையின் தட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1960-களில் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்கள் முனைந்தபின் மத்தியப் பிரதேசத்தில் சோயா பெரும் பயிராயிற்று. ஆனால் அதில் பெரும்பகுதி எண்ணெய்க்குப் போகிறது. பிண்ணாக்கு கால்நடைக்கும் கோழிக்கும் போகிறது. நம் வீடுகளுக்கு அது வருவது பெரும்பாலும் 'மீல்மேக்கர்' வடிவில்தான். முழு மணியை நாம் ஒதுக்கியதற்கு அதன் பச்சை வாடையே முதற்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வாடை மணிக்குள் முன்பே இருப்பதன்று. ஈரமான மணி நசுங்கும்போது அதிலுள்ள ஒரு நொதி, எண்ணெயைக் காற்றுடன் சேர்த்து அதை உண்டாக்குகிறது. கொதிநீரில் அரைத்தால் வாடை எழுவதில்லை என்று 1960-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் காட்டினர். நமக்கு இதில் பாடம் ஒன்றே: மணி உடையும் முன்பே சூடு ஏற வேண்டும்.

இனிச் சட்டியை எடுங்கள். ஒரு குவளை மணியைக் கழுவி இரவு முழுதும் ஊறவையுங்கள். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கும் புதுநீரில் போட்டு அரைமணி நேரம் வேகவிடுங்கள், குழையக்கூடாது. வடித்துத் துணியில் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை உலர்த்துங்கள். பிறகு இளந்தீயில் கைவிடாமல் கிளறி வறுக்க வேண்டும். இதற்கென்றே ஜப்பானியர் 'ஹோரோகு' என்ற மண்சட்டி வைத்திருந்தனர். நம் மண்சட்டியும் ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே ஈரம் நிற்கும். பொன்னிறம் வந்ததும் உப்புநீர் தெளித்து, மீண்டும் உலரக் கிளறி இறக்குங்கள். மிளகாய்த்தூள் உங்கள் விருப்பம்.

சோயா ஒவ்வாதவர்கள் இதைத் தொடக்கூடாது. ஐந்து வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கும் என்று ஜப்பானிய அரசே எச்சரிக்கிறது. ஆறியபின் ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைந்தால் டப்பாவில் அடைக்கலாம். நடுவில் மெத்தென்று இருந்தால் மறுபடி சட்டிக்கே போகட்டும்.