ஊவா மலைகளும் காபன் களஞ்சியமும்

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக ஊவாவின் மலைக்காடுகள் வெட்டிச் சுட்டெரிக்கப்பட்டன. மரங்கள் நெடுங்காலம் தம்முட் சேமித்திருந்த காபன் அவ்வாறே காற்றிற் கலந்தது. 1869இல் மடுல்சீமையிற் காணப்பட்ட இலைநோய், காலப்போக்கிற் கோப்பியை வீழ்த்தியது. அதனிடத்தைத் தேயிலை பெற்றது. காடு மீளவில்லை. மாறாக, கொழுந்தை உலர்த்தத் தொழிற்சாலைகளுக்கு விறகும் வேண்டியதாயிற்று.

இன்று தொழிற்சாலைப் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்துப் பயன்படுத்தவும் நிலத்தடியிற் சேமிக்கவும் பல நாடுகள் முயல்கின்றன. தூத்துக்குடி இரசாயன ஆலையொன்று 2016இல் தன் கொதிகலப் புகையிலிருந்து அவ்வாயுவைப் பிரித்துச் சலவைச் சோடா செய்யத் தொடங்கியது. ஆயின், பதுளை மலைகளிற் சிதறிக்கிடக்கும் சிறு உலைகளுக்கு அத்தகைய பொறித்தொகுதி பொருந்துவதரிது. இங்கு மரமே களஞ்சியம். எரித்த விறகிற்கு ஈடாக மரம் வளர்ந்தாலன்றி அக்களஞ்சியம் நிறையாது.

அம்மரங்களை நடவேண்டிய கைகள் யாருடையவை? கோப்பியையும் தேயிலையையும் வளர்த்த தமிழகத் தொழிலாளரின் வழித்தோன்றல்களுடையவை. அவர்களிற் பலருக்குக் குடியிருக்கும் காணியும் சொந்தமன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தமை மறக்கற்பாலதன்று. எனவே, மீள்வனமாக்கலின் பயனில் அவர்களுக்குப் பங்கும், பாதுகாப்பான காணியில் உரிமையும் வேண்டும். இன்றேல் காபன் கணக்கு நேராகலாம். வரலாற்றுக் கணக்கு நேராகாது.