க்ளட்ச் பெடலை யார் எடுத்தது? ரேஞ்ச் ரோவருக்கு ஆட்டோமேட்டிக் வந்த கதை

கார் பிரியர்கள் நாலு பேர் ஒரு இடத்துல உட்கார்ந்தா ஒரு சண்டை கட்டாயம் வரும். "ஆஃப்ரோடுன்னா மேனுவல்தான் கெத்து. ஆட்டோமேட்டிக் எல்லாம் மால் பார்க்கிங்குக்கு"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார். இன்னொருத்தர் சிரிப்பார். அப்புறம் டீ ஆறிப்போகும். இந்தச் சண்டைக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல வயசாகுது. இன்னைக்கு இதை ஒரே ஒரு வண்டியை வெச்சுப் பார்க்கலாம்: முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர்.

1970 ஜூன் மாசம் பிரிட்டனில் இந்த வண்டி வெளியாகுது. விலை 1,998 பவுண்ட். உருவாக்கின இன்ஜினியர்களில் முக்கியமானவர் ஸ்பென் கிங். இன்னைக்கு ரேஞ்ச் ரோவர்னா நமக்கு ஞாபகம் வர்றது சினிமா ஸ்டாரும் தொழிலதிபரும்தான். அன்னைக்கு அப்படி இல்ல. ரெண்டே கதவு, வினைல் சீட். உள்ளே சேறானா தண்ணி அடிச்சுக் கழுவிடலாம். 3.5 லிட்டர் வி8 இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் எப்பவும் போற சக்தி, நாலு கியர் மேனுவல். ஆட்டோமேட்டிக் வேணும்னு கேட்டா, கிடையாது.

இங்கதான் ஒரு வேடிக்கை. அந்த வி8 பிறந்தது அமெரிக்காவில். ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட ப்யூக் கார்களுக்காகச் செஞ்சு, கொஞ்ச வருஷத்துல கைவிட்ட அலுமினிய இன்ஜின் அது. 1965-ல் அதோட உரிமையை ரோவர் வாங்கிச்சு. 1967-ல் தன்னோட பெரிய சலூன் காரில் அதைப் போட்டப்போ, கூடவே வந்தது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 1968-ல் வந்த ரோவர் 3500 சலூனும் முதல்ல ஆட்டோமேட்டிக்கா மட்டும்தான் வித்துச்சு. இந்த வி8-இன் இழுவையை அவங்க கையில இருந்த மேனுவல் கியர்பாக்ஸ் தாங்காதுன்னு ஒரு பயம். மேனுவல் 1971-ல்தான் வந்தது. அதாவது, சலூனில் இந்த இன்ஜினோட இயல்பான ஜோடியே ஆட்டோமேட்டிக்தான். காட்டுக்குப் போற வண்டியில மட்டும் அந்த ஜோடியைப் பிரிச்சு வெச்சாங்க. ஏன்?

முதல் காரணம் நம்பிக்கை. அதுல நியாயமே இல்லைன்னு சொல்ல முடியாது. செங்குத்தான இறக்கத்துல மேனுவல் வண்டியை முதல் கியர்ல போட்டா இன்ஜினே பிரேக் பிடிக்கும். அந்தக் கால ஆட்டோமேட்டிக்ல அந்தப் பிடி குறைவு. பேட்டரி செத்துட்டா மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளினா நமக்குத்தான் மூச்சு வாங்கும். ஊர் உலகமே இல்லாத இடத்துல இது சின்ன விஷயமில்ல.

ஆனா மறுபக்கமும் இருக்கு. ஆட்டோமேட்டிக்ல க்ளட்ச் பெடலுக்குப் பதிலா டார்க் கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கும். ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வெச்சு ஒண்ணை மட்டும் ஓட விட்டா, காத்து பட்டு இன்னொண்ணும் சுத்தும் பாருங்க, அதே வேலைதான். காத்துக்குப் பதிலா இங்க ஆயில். மணல்ல மேனுவல் வண்டி கியர் மாத்துற அந்த ஒரு நொடி சக்கரத்துக்குச் சக்தி போகாது, வண்டி வேகம் இழந்து அங்கேயே புதையும். ஆட்டோமேட்டிக்ல அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்ல. பாறை மேல அங்குலம் அங்குலமா ஏறும்போது கருகிப்போக க்ளட்ச் தட்டும் இல்ல.

இது 1970-ல் யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்ல. இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்காவோட எம்5 ஸ்டூவர்ட் டாங்கி ரெண்டு காடிலாக் வி8 இன்ஜினோடவும் ஹைட்ரமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடவும்தான் ஓடிச்சு. சேத்துல டாங்கியை ஓட்டினதை மால் பார்க்கிங்னு யாரும் சொல்ல மாட்டாங்க இல்லையா? 1963-லேயே ஜீப் வாகனீர் ஃபோர் வீல் டிரைவும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து கிடைச்சது.

ரெண்டாவது காரணம் இரும்பு. ரேஞ்ச் ரோவரின் எல்டி95 கியர்பாக்ஸில், கியர்பாக்ஸும் சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள இருந்துச்சு. உறுதியான அமைப்புதான். ஆனா ஒண்ணைக் கழட்டி வேற போடணும்னா இன்னொண்ணும் சேர்ந்து வந்துடும். மூணாவது காரணம் காசு. ரோவர் அப்போ பிரிட்டிஷ் லேலண்ட்ங்கிற பெரிய குழுமத்துக்குள்ள மாட்டியிருந்தது. அந்தக் குழுமம் தடுமாறி 1975-ல் அரசு கைக்கே போச்சு. நல்லா வித்துட்டிருந்த வண்டியில கை வைக்க யாருக்கும் அவசரமில்ல.

கம்பெனி செய்யலைன்னா பட்டறை செய்யும். 1970-களில் பிரிட்டனில் ஷூலர் மாதிரி சில நிறுவனங்கள் ரேஞ்ச் ரோவரை வாங்கி கிரைஸ்லர் ஆட்டோமேட்டிக் பொருத்திக் கொடுத்தாங்க. கதவு பத்தலையா? சுவிட்சர்லாந்தின் மோன்டெவெர்டி நாலு கதவு வண்டி செஞ்சது. கடைசியா கம்பெனிக்கும் புரிஞ்சது. 1981-ல் நாலு கதவு. 1982-ல் மூணு கியர் கிரைஸ்லர் ஆட்டோமேட்டிக், கூடவே எல்டி230-ங்கிற தனி டிரான்ஸ்ஃபர் பாக்ஸ். 1985-ல் அதுக்குப் பதிலா ஜெர்மனியின் இசட்எஃப் நாலு கியர் பாக்ஸ். 1987-ல் அமெரிக்காவுக்குப் போனப்போ ஆட்டோமேட்டிக் மட்டும்தான் போச்சு. பதினேழே வருஷத்துல கதை தலைகீழ்.

அந்தத் தனி டிரான்ஸ்ஃபர் பாக்ஸ்தான் பழைய வண்டிக்காரங்களுக்கும் வழி திறந்துச்சு. பிற்கால வண்டியிலிருந்து இசட்எஃப் பாக்ஸையும் எல்டி230-ஐயும் சேர்த்தே எடுத்து 1970-களின் வண்டியில போடலாம். ஆனா போல்ட்டைக் கழட்டி மாட்டுற வேலை மட்டும் இல்ல இது. ஃப்ளைவீலுக்குப் பதிலா மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட் வேணும். புது பாக்ஸோட நீளம் வேற, அதனால ப்ரொப்பல்லர் ஷாஃப்டுகளோட அளவும் சரி பார்க்கணும். ஆயில் சூடேறாம இருக்க முன்னாடி தனி கூலர். எவ்வளவு மிதிக்கிறோம்னு கியர்பாக்ஸுக்குச் சொல்ல, த்ராட்டிலிருந்து ஒரு கேபிள். அதோட அளவு தப்பினா கியர் தப்பான நேரத்துல விழும், கொஞ்ச நாள்ல பாக்ஸே காலி.

இதுல உண்மையான கேள்வி வேற. முதல் வருஷங்களின் ரெண்டு கதவு ரேஞ்ச் ரோவர்களை இன்னைக்குச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குறாங்க. பிறந்த நிலையிலேயே இருக்கணும்ங்கிறது அவங்க கணக்கு. கியர்பாக்ஸை மாத்தினா அந்த மதிப்பு குறையும். ஆனா முப்பது வருஷமா அதே வண்டியை ஓட்டினவருக்கு இப்போ இடது முட்டி வேலை செய்யலைன்னு வைங்க. அந்த கனமான க்ளட்சை அவரால மிதிக்க முடியாது. அவருக்கு ரெண்டே வழி: வண்டியை மாத்தணும், இல்ல வண்டியை விட்டுடணும்.

நான் மாத்துற பக்கம்தான். ஒரே ஒரு நிபந்தனை: பழைய எல்டி95-ஐ எடைக்குப் போட்டுடாதீங்க. துடைச்சு, ஆயில் தடவி, ஷெட்ல ஒரு மூலையில வையுங்க. சேஸியை வெட்டாம செஞ்ச வேலைன்னா, நாளைக்கு யாராவது திரும்பப் பொருத்திக்கலாம். வண்டியும் ஓடும், வரலாறும் போகாது.

நம்ம நாட்டுலயும் இந்தச் சண்டை பழசாகலை. 2010-ல் வந்த மஹிந்திரா தாரில் மேனுவல் மட்டும்தான். 2020-ல் வந்த புது தாரில் ஆட்டோமேட்டிக்கும் இருந்தது. அப்பவும் "இது தாரே இல்ல"ன்னு சிலர் சொன்னாங்க. அடுத்த தடவை அப்படி யாராவது சொன்னா, அந்த ஸ்டூவர்ட் டாங்கியை ஞாபகப்படுத்துங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.